காதுக்குள் ஊதுகிறவர்கள்

எங்கள் கடைத்தெருவில் இப்போது சவர்க்காரம் விற்கிற கடையிலும் மைக் விற்கிறார்கள். இறக்குமதித் தடை நீங்கிய பிறகு வந்த வாழ்வு இது. தடை இருந்த காலத்தில் ஒரு மைக்கின் வயர் அறுந்தால்கூட ஊரெல்லாம் அலைய வேண்டும். இப்போது மத்திய கிழக்கில் இருந்து லீவில் வருகிறவன் பெட்டியைத் திறந்தால் ஒரு கசெற் ரெக்கோடர், மனைவிக்கு ஒரு சேலை, யாருக்கென்று அவனுக்கே தெரியாத ஒரு கொண்டென்சர் மைக். ஊரில் அரைவாசிப் பேர் பாட்டுப் பதிந்து விற்கிற ரெக்கோடிங் பார் திறந்துவிட்டார்கள். மற்ற அரைவாசி திறக்க யோசிக்கிறார்கள்.

அப்படித் திறந்த இருவர் போன கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள். மலிவான கொண்டென்சர் மைக்கில் எது நல்லது என்று கேட்டார்கள். கையோடு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். விரல் நீளம், சுருட்டுத் தடிப்பு, பார்வைக்கு நல்ல சாமான்தான். “எப்பிடிப் பார்த்து எடுத்தனீங்கள்?” என்று கேட்டேன். ஒருவன் அதை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், கன்னம் இரண்டும் உப்ப, “பூ... பூ...” என்று ஊதிக் காட்டினான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனுடைய காதைப் பிடித்து அதற்குள் நானும் ஊதியிருப்பேன். ஓய்வு பெற்ற மனிதன், வீட்டுக்கு வந்த பிள்ளைகள் என்று அடக்கிக்கொண்டேன். அடக்கியது போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சின்னக் குழாயின் தலையில் இருப்பது நகமளவு சவ்வு. வெங்காயத் தோல்கூட அதற்குத் தடிப்பு. அதை ஒரு தகட்டுக்கு முன்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். சத்தம் பட்டால் அது நடுங்கும். அந்த நடுக்கம்தான் ஒலிநாடாவில் ஏறுகிறது. வயிற்றுக்குள் ஒரு பற்றரி. அவ்வளவுதான் சாமான். அதன் மேல் ஈர மூச்சை ஊதினால் என்ன ஆகும்? அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பிறகொரு நாள் பாட்டின் நடுவே அப்பளம் பொரிக்கிற சத்தம் வரும். உடனே கடைக்காரனைத் திட்டுவார்கள். துறைமுகத்து உப்புக்காற்றே அதற்குப் போதுமான எதிரி. இவர்கள் வாயும் சேர்ந்துகொள்கிறது.

ஊதுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஒலிபெருக்கியில் இருந்து வந்தது. கல்யாணம், தேர்தல், திருவிழா எதுவானாலும் மைக்கின் முன் நிற்கிறவன் முதலில் ஊதுவான், பிறகு விரலால் தட்டுவான், பிறகு ஹலோ என்பான். எங்கள் சனங்களுக்கு மைக் என்றால் வாய். தங்கள் வாயை ஊருக்குப் பெரிதாக்கித் தருகிற இன்னொரு வாய். அது வாய் இல்லை, காது என்று ஒரே ஒரு மனிதர்தான் எனக்குச் சொன்னார்.

அவர் ஹமீது நானா. கிண்ணியா ஆள். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போவதற்கு முன் அங்கே வயர்லெஸ் பட்டறையில் வேலை செய்தார். நானும் அங்கேதான் அவருக்குக் கீழே ஈயம் உருக்கி ஒட்டப் பழகினேன். தளம் கைமாறியபோது எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். நானா துறைமுகத் தெருவில் ஓர் அரிசிக் கடைக்கு மேலே ஒலிப்பதிவுக் கூடம் திறந்தார். அன்று ஏறிய படியை நான் ஓய்வு பெறும்வரை ஏறிக்கொண்டிருந்தேன்.

நானா ஒருநாளும் மைக் என்று சொன்னதில்லை. “காதை எடுத்து வா”, “காதுக்குப் பற்றரி போடு”, “இந்தக் காதுக்கு வயசு போயிட்டுது” என்பார். புதிதாக வந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர் சிரிக்க மாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். கோபம் வந்தால் இடுப்புச் சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். அதைப் பார்த்தால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். பாடுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு முதுகைக் காட்டி இருந்துதான் கேட்பார். முகத்தைப் பார்த்தால் காது ஏமாறும் என்பது அவருடைய கட்சி. பெரிய இடத்து ஆட்களுக்கு இது பிடிக்காது. நீதவான் ஒருவர் தன் மகளைப் பாட வைக்கக் கூட்டிவந்து, நானாவின் முதுகைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கூட்டிப்போனார். நானா திரும்பிப் பார்க்கவும் இல்லை.

தடை நீங்கிய புதிதில் நானாவும் நானும் கொழும்புக்குக் காது வாங்கப் போனோம். பெரிய நிறுவனங்களின் விலை உயர்ந்த சாமான்களை எங்களால் கண்ணால் பார்க்கத்தான் ஏலும். எங்கள் கைக்கு எட்டியவை அந்தச் சின்னக் குழாய்கள்தான். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே எண்கள், எல்லாச் சத்தமும் சமமாகக் கேட்கும் என்று காட்டுகிற ஒரே நேர்கோட்டுப் படம். அந்தப் படத்தை நம்பினால் உலகத்தில் கெட்ட மைக்கே இல்லை. கடைக்காரர் படத்தைக் காட்டினார். நானா பெட்டியை மூடி அவரிடமே கொடுத்துவிட்டு, பையில் இருந்து தன் ரெக்கோடரையும் ஹெட்போனையும் எடுத்தார். பிறகு மடியில் இருந்து வீட்டுச் சாவிகள் கோத்த திறப்புக் கொத்தை எடுத்தார்.

அவர் பார்க்கிற முறையை நான் விளக்கமாகவே எழுதுகிறேன். ஊதுகிறவர்கள் படிக்கட்டும். முதலில் ஒன்றும் செய்ய மாட்டார். மைக்கைத் தாங்கியில் நிறுத்தி, சும்மா இருக்கிற சத்தத்தைக் கேட்பார். மலிவான சாமானில் அந்த வெறுமைக்குள் ஓர் இரைச்சல் இருக்கும், தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. அது அதிகம் என்றால் அங்கேயே தள்ளிவைப்பார். பிறகு என்னைத் திறப்புக் கொத்தை ஆட்டச் சொல்வார். நல்ல காதுக்கு ஒவ்வொரு திறப்பும் தனித்தனியே கேட்கும். கெட்டதில் எல்லாம் சேர்ந்து கடுகு தாளித்த மாதிரிச் சீறும். அதன் பிறகு நான் கதைத்துக்கொண்டே மைக்கைச் சுற்றி நடக்க வேண்டும். “குரல் தூரத்துக்குப் போகலாம், தம்பி. ஆள் மாறப்படாது” என்பார். பக்கவாட்டில் நின்று பேசும்போது என் குரல் தகரத்துக்குள் இருந்து வருகிறதா, போர்வைக்குள் இருந்து வருகிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும். கடைசியில் ஒரே வகையில் பலவற்றைத் திறக்க வைத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகிற இரண்டைப் பிடிப்பார். மலிவான சாமானில் ஒரே பெட்டியில் இருந்து வந்த இரண்டு ஒத்துப்போவது அபூர்வம்.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “நானா, மைக் வாங்க வந்தீங்களா, திறப்பு வெட்ட வந்தீங்களா?” என்று கேட்டார். நானா சாரத்தை இறுக்கிக் கட்டினார். ஒத்துப்போன இரண்டு அகப்படும்வரை நாங்கள் அங்கிருந்து நகரவில்லை. அவற்றை ஊருக்குக் கொண்டுவந்து, ஈரத்தை இழுக்க வறுத்த அரிசி போட்ட பிஸ்கற் தகரத்துக்குள் துணியில் சுற்றி வைத்தோம். ஒவ்வொரு முறை பாவித்த பிறகும் அங்கேதான் போகும். விலை உயர்ந்த மைக்கைக் கடற்காற்றில் உப்பேற விட்டவர்கள் எல்லாரும் எங்கள் மலிவான மைக்கைக் கடன் கேட்டு வந்தார்கள். கொடுக்கவில்லை.

இனி இன்னொரு மைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கீத சபை ஒன்று நகரத்தில் இருந்தது. அதன் செயலாளர் லிங்கநகர் பரமலிங்கத்தார். காணிக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கீதத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சபைக்குச் சொந்தமாக மைக் வேண்டுமென்று பணம் சேர்த்து, அவரே கொழும்புக்குப் போய் ஒன்றை வாங்கி வந்தார். விளாம்பழம் அளவு தலை. பெட்டியில் கொண்டென்சர் என்று எழுதியிருந்தது. மேடையில் பேச்சாளர் வாய்க்குள் வைத்துக்கொண்டு முழங்குவதற்குச் செய்த சாமான் அது. எப்படித் தெரிவு செய்தீர்கள் என்று நான் மரியாதையாகத்தான் கேட்டேன். கடையில் இருந்த அத்தனையையும் மேசையில் வரிசையாக வைக்கச் சொன்னாராம். ஒவ்வொன்றிலும் ஊதினாராம். எது ஆகப் பெரிதாகப் ‘பூம்’ என்றதோ அதை எடுத்தாராம். சொல்லும்போது அந்தப் ‘பூம்’மையும் எனக்குச் செய்து காட்டினார்.

அந்த மைக்கில் அவர் நாசமாக்கிய முதல் ஆள் பவளராணி ரீச்சர்.

அன்புவழிபுரத்தில் இருந்த வயலின் ரீச்சர் அவர். கணவன் வெளிநாட்டுக் கப்பலில் வேலை. ஆண்டு முழுதும் கடலில். ரீச்சர் மாமியாரோடு இருந்தார். நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பல வருடமாகத் தற்காலிகமாகவே படிப்பித்து வந்தார். நிரந்தரமாக்க வேண்டுமானால் கொழும்பில் இருந்த ஒரு தேர்வுக் குழுவிடம் தரச் சான்று எடுக்க வேண்டும். தூர இடத்தவர்கள் வாசிப்பைப் பதிந்து அனுப்பலாம் என்று அந்த வருடம் விட்டிருந்தார்கள். சான்று கிடைக்காவிட்டால் அந்த வேலைக்குத் தகுந்த சிபாரிசோடு வெளியூர்க்காரர் ஒருவர் வாசலில் நின்றார். இந்த வேலையும் போனால் வயலினைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மாமியாரோடு தோசை சுட்டு விற்க வேண்டியதுதான். அதை ரீச்சரே எங்களுக்குச் சொன்னார்.

சபை மண்டபத்தில், சபையின் மைக்கில், செயலாளரின் மேற்பார்வையில் பதிந்து அனுப்பினார்கள். நாதத்தில் தெளிவில்லை, வாசிப்பை மதிப்பிட முடியவில்லை, ஒரே ஒரு தடவை மறுபடி பதிந்து அனுப்பலாம் என்று குழுவில் இருந்து பதில் வந்தது. ரீச்சர் அந்த ஒலிநாடாவை எங்களிடம் கொண்டுவந்தார். நானா முதுகைக் காட்டி இருந்து கேட்டார். பெட்டிக்குள் அடைத்த மாடு கத்துகிற மாதிரி இருந்தது. அது வயலின் என்று எனக்குத் தெரியும், அதனால் வயலினாகக் கேட்டேன். குழுவில் இருந்தவர்களுக்கு என்ன தலையெழுத்து?

பதிவுக்கு நாள் வைத்தோம். துறைமுகத்தில் பாரந்தூக்கிகள் நின்று, ஆட்கள் சாப்பிடப் போகிற மத்தியான நேரம்தான் எங்கள் கூடத்துக்கு நல்ல நேரம். சன்னல்களைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தினோம். சின்ன மைக்குக்குக் காற்றாடியும் கேட்கும், காகமும் கேட்கும், பாடுகிறவர் எச்சில் விழுங்குவதும் கேட்கும். மலிவானது என்றாலும் அதற்கு ஒளிவுமறைவு கிடையாது. பரமலிங்கத்தார் அழைக்காமலே வந்து கதிரையில் அமர்ந்திருந்தார். சபையின் சிபாரிசோடு போகிற நாடா, செயலாளர் இல்லாமல் எப்படி என்று கேட்டார். கையோடு அந்த விளாம்பழத்தையும் கொண்டுவந்திருந்தார்.

ரீச்சர் பாயில் இருந்து சுருதி சேர்த்து வாசிக்கத் தொடங்கினார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானாவோடு இருந்த நான் ஹெட்போனைப் போட்டபடி நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த மனுசி இப்படி வாசிப்பார் என்று எனக்குத் தெரியாது. வில் திரும்புகிற இடம்கூடத் தெரியாமல் ஒரு நூல் இழுத்த மாதிரிப் போனது. பிறகு பஞ்சமத்தில் நின்றார். அங்கே ஒரு சத்தம் வந்தது. ‘ட்ர்ர்’ என்று, மிகச் சின்னதாக, வண்டொன்று தகரத்தில் உரசுகிற மாதிரி. பஞ்சமத்தை விட்டால் போய்விடும். தொட்டால் வரும்.

நானா பதிவை நிறுத்தினார். செயலாளருக்கும் போட்டுக் காட்டச் சொன்னார். பரமலிங்கத்தார் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம் வந்தது. “பார்த்தீங்களா நானா, எங்கட மைக்கில இந்தச் சத்தமே இல்லை” என்றார். உண்மைதான். அவருடைய மைக்கில் அந்தச் சத்தம் இல்லை. வயலினும் இல்லை.

நானா தேடத் தொடங்கினார். அவர் தேடுகிற முறையும் ஒரு முறைதான். முதலில் எங்கள் பக்கத்தைச் சந்தேகித்தார். பற்றரியை மாற்றினார், வயரை மாற்றினார், ஒரு மைக்கைக் கழற்றி மற்றதைப் பூட்டினார். சத்தம் இருந்தது. அப்படியென்றால் மைக் பொய் சொல்லவில்லை, சத்தம் அறைக்குள் இருக்கிறது. பிறகு அறையில் இருந்து ஒவ்வொன்றாக வெளியே போயின. சுவர் மணிக்கூடு, சோடாப் போத்தல், மேசை லாச்சி, தகரப் பெட்டியின் மூடி. சன்னல் கொளுக்கிக்குள் கடதாசி செருகினோம். பரமலிங்கத்தாரின் கைக்கடிகாரத்துத் தங்கப் பட்டியையும் நானா பார்த்தார். கழற்றச் சொன்னபோது செயலாளர் தன்னை அவமதித்ததாக எடுத்துக்கொண்டார். கடிகாரத்தோடு அவரையும் வெளி விறாந்தையில் இருத்தினோம். எனக்கு அன்றைக்கு முழுவதிலும் அது ஒன்றுதான் சந்தோஷம். ஆனால் சத்தம் போகவில்லை.

ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. வயலினில்தான் வெடிப்பு விழுந்துவிட்டதோ என்று பயந்தார். நானா என்னை ஹெட்போனோடு உள்ளே அனுப்பி, மைக்கைக் கையில் எடுத்து வயலினைச் சுற்றிப் பார்க்கச் சொன்னார். ரீச்சர் பஞ்சமத்தை மட்டும் நீளமாக இழுத்துக்கொண்டிருக்க, நான் முழங்காலில் இருந்து மைக்கைக் கொண்டுபோனேன். பாதத்தில் ஊன்றியிருந்த வயலின் தலையில் இல்லை. கம்பிகளைத் தாங்குகிற குதிரையில் இல்லை. மேற்பலகையில் இல்லை. மெல்ல மேலே கொண்டுபோனேன். வயலின் நெஞ்சில் சாய்கிற இடத்துக்குக் கிட்டப் போனபோது அந்த வண்டு என் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. என் கை அப்படியே நின்றது.

ரீச்சரின் தாலிக்கொடி. பெரிய கொடி, இரண்டு பக்கமும் பவுண் காசு கோத்தது. வயலினின் பின்பலகையில் அது தொட்டும் தொடாமலும் கிடந்தது. பஞ்சமம் எழும்போது பலகை நடுங்கி, காசை நடுக்கியது.

நான் கையை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். நானா ஹெட்போனில் கேட்டுவிட்டார் என்று அவர் இருந்த இருப்பில் தெரிந்தது. அதை யாரால் சொல்ல ஏலும்? கணவன் கடலில். கப்பல்காரன் மனைவியின் கழுத்தில் இருந்து அது ஒரு நிமிடமும் இறங்கக் கூடாது என்று மாமியார் காவல் இருக்கிற வீடு. அந்தப் பெண்ணின் நெஞ்சைக் காட்டி, உன் தாலிதான் இரைகிறது என்று இரண்டு அந்நிய ஆண்கள் சொல்வதா? மேடையில் ஊதத் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது வந்து இதைச் சொல்லிக் காட்டட்டும் பார்க்கலாம்.

நானா எழுந்து உள்ளே வந்தார். நான் அவரோடு வேலை செய்த காலம் முழுவதிலும் அன்றைக்குத்தான் வாசிக்கிற ஒருவருக்கு முகத்தைக் காட்டி இருந்தார். அதுவும் தூரத்தில், நிலத்தில். பார்வை வயலினில்தான் இருந்தது. அதுவரை ரீச்சர், ரீச்சர் என்றே கூப்பிட்டவர், “தங்கச்சி” என்றார்.

“தங்கச்சி, வயலின் நல்லாத்தான் கதைக்குது. அதில ஒரு குறையும் இல்ல. அதோட சேர்ந்து இன்னொண்டும் கதைக்குது. ஒங்கட கழுத்தில இரிக்கிறது.”

ரீச்சரின் கை தானாகக் கொடிக்குப் போனது. தான் வீட்டில் எப்போதும் அதோடுதான் வாசிப்பதாகவும், இந்தச் சத்தம் தனக்குக் கேட்பதே இல்லை என்றும் சொன்னார். அழவில்லை. வெட்கப்படவும் இல்லை. கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வில்லை எடுத்தார். பதிந்து பார்த்தோம். இப்போது உரசல் இல்லை. காசும் காசும் ஒன்றோடொன்று தட்டுகிற கிணுகிணுப்பு. அந்தச் சின்ன மைக்கை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாக வெறுத்தேன். இதைக் கேட்காமல் விட்டால் உனக்கு என்ன என்று அதைப் பார்த்துக் கேட்க வேண்டும் போல இருந்தது.

விறாந்தையில் இருந்து பரமலிங்கத்தார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். தாலியைக் கழற்ற வைக்கப் பார்க்கிறீர்களா, புருஷன் கடலில் கிடக்கிற பிள்ளை, இது என்ன அநியாயம் என்று ஒரே மூச்சில் கேட்டார். நாங்கள் யாரும் கழற்றச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அறைக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். கடைசியில் விளாம்பழத்தை நீட்டினார். இதில் பதிந்தால் ஒரு சத்தமும் கேட்காது, பிள்ளையின் தாலியும் இருந்த இடத்தில் இருக்கும் என்றார். நானா சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

ரீச்சர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் வேலை, மற்றப் பக்கத்தில் ஊர்வாய். அது அவருக்குத் தெரியும். செயலாளரின் மைக்கில் வாசித்தால் நல்ல பெயரோடு வீட்டுக்குப் போகலாம், வேலை இல்லாமல். பிறகு கொடியைச் சட்டைக்குள் இருந்து எடுத்து, கழுத்தைச் சுற்றி நகர்த்தி, தாலியும் காசும் முதுகுப் பக்கம் விழும்படி தோளுக்கு மேலால் போட்டார்.

“கழுத்திலதானே கிடக்கு, ஐயா. முன்னுக்குக் கிடந்தா என்ன, பின்னுக்குக் கிடந்தா என்ன. நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ. நான் வாசிக்க வேணும்.”

பரமலிங்கத்தார் வெளியே போனார். ரீச்சர் வாசித்தார். நானா பழையபடி முதுகைக் காட்டி இருந்தார். ஒரே தடவையில் முடிந்தது. பஞ்சமம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. முடிந்த பிறகு நானா மெசினை நிறுத்த மறந்துவிட்டார். அவர் மறந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான். நான் திறப்புகளைத் தேடுவது போலக் குனிந்தேன்.

சான்று கிடைத்தது. வேலையும் நிரந்தரமானது. வாசலில் நின்ற வெளியூர்க்காரர் தன் சிபாரிசோடு வேறு ஊருக்குப் போனார். சபையின் ஆண்டுக் கூட்டத்தில் இதைச் சபையின் சாதனை என்று பரமலிங்கத்தார் வாசித்தார், சபையின் மைக்கில், ஊதிவிட்டு. ஆனால் வெளியே அவர் சொன்ன கதை வேறு. ‘வேலைக்காகத் தாலியை முதுகில் போட்டவள்’ என்று லிங்கநகரில் தொடங்கி அன்புவழிபுரம் வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் முதுகில் போட்டது கழற்றி வைத்ததாக மாறியது. சோனகரின், அதாவது முஸ்லிமான நானாவின், கடையில் கழற்றி வைத்ததாக இன்னும் முற்றியது. நானாவின் வீட்டிலும் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். மாமியார் ரீச்சரோடு பேச்சை நிறுத்தினார். ரீச்சர் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போனார், பின்னேரம் வீட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். கேள்விப்பட்டவர்கள் வாய் நிறையக் கதைத்துவிட்டு, தங்கள் பிள்ளைகளை அவரிடமே அனுப்பினார்கள். வேறு யாரிடம் அனுப்புவது?

கணவன் விடுமுறையில் வந்தபோது தாய்க்காரி முதலில் சொன்னது இதைத்தான். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. திரும்பக் கப்பலுக்குப் போகிற வழியில் அந்த மனிதர் எங்கள் படியேறி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நான் எழுந்து நின்றேன். வயலின் கம்பி எந்தத் துறைமுகத்தில் நல்லதாக வாங்கலாம் என்று நானாவிடம் கேட்டுக்கொண்டு போனார்.

ரீச்சரிடம் படித்த பெண்பிள்ளைகள் எல்லாரும் ரீச்சர் செய்கிற மாதிரியே செய்தார்கள். பாயில் இருந்ததும் கழுத்துச் சங்கிலியை எடுத்து முதுகில் போடுவார்கள், பிறகுதான் வயலினைத் தொடுவார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வெளியூரில் இருந்து வந்த வித்துவான் ஒருவர் அதைப் பார்த்து, இது ஏதோ பழைய பரம்பரையின் வழக்கம் என்று மேடையில் புகழ்ந்து பேசினார். நான் பின்வரிசையில் இருந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பரமலிங்கத்தாரின் மகளும் அங்கேதான் படித்தாள். நன்றாகவே படித்தாள், தகப்பனைப் போல இல்லை. அவள் கல்யாணம் முடித்த வருடம் சபை விழாவில் வாசிக்க வைத்தார்கள். தகப்பன் முன்வரிசைக் கதிரையில். பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய், கட்டைபறிச்சான் ஆள், கையில் விசிறியோடு. நான் அவர்களுக்கு நேர் பின்னால். பெண் மேடையில் அமர்ந்தாள். புதுத் தாலிக்கொடியை எடுத்து, தோளுக்கு மேலால் முதுகில் போட்டாள். விசிறி நின்றது. என்ன சம்பந்தி, பிள்ளை தாலியைப் பின்னுக்குத் தள்ளுது என்று அந்த அம்மா கேட்டார். பரமலிங்கத்தார் தொண்டையைச் செருமினார். திரும்பிப் பார்த்தார், நான் இருப்பதைக் கண்டார். பிறகு மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்:

“அது வயலின் வாசிக்கிற முறை, சம்பந்தி. எங்கட ஊரில ஆதியில இருந்து அப்பிடித்தான்.”